பூக்களைப் பாடம் செய்து புத்தகக்குறி செய்தல்: நிறம் நிற்கவும் பூஞ்சணம் பிடிக்காமலிருக்கவும் வழி என்ன?

கேள்வி: பள்ளிநூலகம்_நாகர்கோவில்

அனைவருக்கும் வணக்கம். நாகர்கோவிலுக்கு அருகிலுள்ள ஒரு பள்ளியின் நூலகப் பொறுப்பில் இருக்கிறேன். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகள் நூலகப் புத்தகங்களின் பக்க முனையை மடித்துவைப்பதும், பென்சில், அளவுகோல், மிட்டாய்த் தாள் எனக் கைக்குக் கிடைத்ததையெல்லாம் பக்கங்களுக்கிடையில் செருகுவதும் வழக்கமாகிவிட்டது. தாமே பூவை உலர்த்தி, தம் பெயரெழுதிய புத்தகக்குறி அட்டையைத் தாமே செய்துகொண்டால் அதைப் பயன்படுத்துவார்கள் என்ற எண்ணத்தில் இந்த வேலையை நூலக வகுப்பில் தொடங்கியிருக்கிறோம். பிள்ளைகளுக்கு ஆர்வம் மிகுதி. விளைவுதான் ஒரே சீராக இல்லை.

செம்பருத்தி தாளோடு ஒட்டிக்கொண்டு கறுத்துவிடுகிறது. பிச்சிப்பூ இரண்டே நாளில் பழுப்பாகிறது. ஆனால் பள்ளி மதிலோரம் பறித்த காகிதப்பூ ஏறத்தாழ அதே நிறத்தில் நிற்கிறது. எங்கள் மாவட்டத்தில் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெய்வதால் ஆண்டில் பல மாதங்கள் காற்றில் ஈரம் குறைவதில்லை. அப்போது செய்த அட்டைகளில் வெண்பூஞ்சணம் படர்ந்துவிடுகிறது.

எந்தப் பூக்களைத் தேர்ந்தெடுத்தால் நிறம் நிற்கும், மழைக்காலத்தில் எப்படி உலர்த்துவது, செய்த அட்டையை லேமினேஷன் செய்வது நல்லதா தீயதா என்ற மூன்றையும் அனுபவமுள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன். தோவாளைச் சந்தை அருகில் இருப்பதால் பூவுக்குப் பஞ்சமில்லை. இந்த அட்டைகள் வீட்டு அலங்காரத்துக்கானவை அல்ல, நூலகப் புத்தகங்களுக்குள் வைக்கப்படுபவை என்பதையும் கருத்தில் கொள்ளுங்கள்.

மறுமொழி: தாவரவியல்_ஆசிரியை

வணக்கம். கல்லூரியில் தாவரவியல் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். மாணவர்களின் ஹெர்பேரியத் தாள்களை (செடிகளை உலர்த்தி ஒட்டிப் பெயரெழுதிக் காக்கும் தாள்கள்) ஆண்டுதோறும் திருத்திய பழக்கத்தில் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பூவைப் பறித்தவுடன் அதன் செல்கள் இறந்துவிடுவதில்லை. அழுத்தத்தில் அவை நசுங்கும்போது, அதுவரை தனித்தனி அறைகளில் இருந்த பீனால் சேர்மங்களும், அவற்றை ஆக்சிஜனோடு வினைபுரியச் செய்யும் நொதியும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. நறுக்கிவைத்த கத்தரிக்காய் கறுப்பதும் உங்கள் பிச்சிப்பூ பழுப்பாவதும் இந்த ஒரே வினையால்தான். இவ்வினை நடக்க ஈரம் வேண்டும். ஆகவே பூவிலிருந்து ஈரம் எவ்வளவு விரைவாக வெளியேறுகிறதோ அவ்வளவுக்கு நிறம் தப்பும். மற்ற நுணுக்கங்கள் எல்லாம் இதற்குப் பிறகுதான். செம்பருத்தியின் இதழில் கொழகொழப்பான பசைப்பொருள் இருப்பதால் அது ஈரத்தை எளிதில் விடாது, தாளிலும் ஒட்டிக்கொள்ளும். அதைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம்.

நிறமியின் வகையும் முக்கியம். சிவப்பு, நீலம், ஊதாப் பூக்கள் பெரும்பாலானவற்றில் இருப்பது ஆந்தோசயனின். அது அமிலத்தன்மைக்கேற்ப நிறம் மாறும் இயல்புடையது என்பதால், செல் சிதைந்து உள்ளிருப்பவை கலக்கும்போது சிவப்பு ரோஜா கருஞ்சிவப்பாகவும் இளஞ்சிவப்பு ஊதா கலந்தும் தோன்றும். கேந்திப்பூவின் மஞ்சளும் ஆரஞ்சும் கரோட்டினாய்டு வகை. உலர்த்தும்போது நன்றாகத் தாங்கும், வெளிச்சத்தில் வைத்தால் வெளுக்கும். காகிதப்பூ, வாடாமல்லி, கோழிக்கொண்டை, அந்திமந்தாரை ஆகியவற்றில் இருப்பது ஆந்தோசயனின் அன்று, பீட்ரூட்டில் உள்ள பீட்டாலைன் என்னும் வேறொரு நிறமி. காகிதப்பூவில் நாம் பூ என்று நினைக்கும் வண்ணப்பகுதி உண்மையில் பூவடிச் செதில். அதில் நீர்ச்சத்து குறைவு என்பதால் விரைவில் உலர்கிறது. உங்கள் மதிலோரச் செடி நல்ல பலன் தந்ததற்கு இதுவே காரணம்.

சங்குப்பூவை நான் முதலிடத்தில் வைப்பேன். அதன் நீலமும் ஆந்தோசயனின்தான் எனினும் கட்டமைப்பால் உறுதியானது. அடுக்குப் பூவை விட்டு ஒற்றையடுக்குப் பூவைத் தேர்ந்தெடுங்கள். நித்தியகல்யாணி தட்டையான முகமுடையது, குழலை வெட்டிவிட்டால் ஒரு நாணயம் போல அமரும். கனகாம்பரம் மெல்லியது, பிள்ளைகள் கையாளவும் எளிது. காஸ்மாஸ், வெர்பினா கிடைத்தால் விட வேண்டாம். வாடாமல்லியை முழுப்பூவாக அழுத்தினால் அட்டை புடைக்கும். செதில்களை உதிர்த்து, உலர்ந்த பின் வட்டமாக அடுக்கி ஒட்டலாம். இலைகளில் பெரணிக்கு நிகரில்லை. புளி, முருங்கை போன்றவற்றின் சிற்றிலைகள் உலரும்போது உதிர்ந்துவிடும். தொட்டாற்சிணுங்கி பறித்த கையோடு மூடிக்கொள்ளும்.

தோவாளைச் சந்தைப் பூவைப் பற்றி ஒரு சொல். வியாபாரிகள் வாடாமலிருக்க அடிக்கடி நீர் தெளிக்கிறார்கள்; விற்பனைக்கு அது தேவை, பாடம் செய்வதற்கு அதுவே பகை. மல்லியும் பிச்சியும் மொட்டாக வருவன, அவற்றுக்கு இங்கே வேலையில்லை. பள்ளித் தோட்டத்திலும் வீட்டு வாசலிலும் பனி உலர்ந்தபின், காலை ஒன்பது பத்து மணியளவில், அன்று மலர்ந்த பூவைப் பறித்து உடனே தாளுக்குள் வைப்பதே சிறந்தது. கையில் வைத்துக்கொண்டு பள்ளிக்கு வந்து சேர்வதற்குள் வாடிவிடும் என்றால், பிள்ளைகள் வீட்டிலேயே ஒரு பழைய நோட்டுக்குள் வைத்து எடுத்து வரட்டும்.

உலர்த்துவதற்கு இரண்டு ஒட்டுப்பலகைத் துண்டுகள், இடையில் நெளியட்டை, அதற்குமேல் செய்தித்தாள், பூவைத் தொடும் இடத்தில் மட்டும் அச்சில்லாத வெள்ளைத்தாள் என்று அடுக்கி, கயிற்றாலோ போல்ட்டாலோ இறுக்குங்கள். நெளியட்டையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அதன் குழாய்கள் வழியாகக் காற்று போய்வருவதால்தான் நடுவிலுள்ள ஈரமும் வெளியேறுகிறது. முதல் நாள் முடிந்ததும் தாள்களை மாற்றியே ஆக வேண்டும், அதன்பின் இரண்டு மூன்று நாள் தினமும், பிறகு ஒன்றுவிட்டு ஒருநாள். கோடையில் ஒரு வாரம் போதும். மழைக்காலத்தில் இரண்டு மூன்று வாரமும் ஆகும். அடுக்கை மூடிய அலமாரிக்குள் வைக்காமல் மின்விசிறியின் கீழே நிறுத்திவையுங்கள். உலர்ந்ததா என்று அறியப் பூவைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள்: குளிர்ச்சியாக இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

ஹெர்பேரியம் செய்முறையைப் படித்துவிட்டு நிறம் நிற்கவில்லையே என்று வருந்துவோர் உண்டு. தரங்கம்பாடிக்கு 1776ஆம் ஆண்டு வந்து, பின்னர் தமிழ் அகராதி தொகுத்த பாதிரியார் ராட்லர் நம் நிலத்தில் சேகரித்த செடிகள் இன்று லண்டனின் கியூ தாவரவியல் பூங்காவில் இருக்கின்றன; கோயம்புத்தூரில் இந்தியத் தாவர மதிப்பாய்வகத்தின் தென்மண்டல மையத்திலுள்ள மெட்ராஸ் ஹெர்பேரியத்திலும் பழைய தாள்கள் ஏராளம். அங்கெல்லாம் காக்கப்படுவது வடிவமும் இனத்தை அடையாளம் காட்டும் உறுப்புகளும்தான். நிறத்தைப் பறித்த அன்றே குறிப்பேட்டில் எழுதிவிடுவார்கள். நீங்கள் கேட்பது நிறம் என்பதால் உங்களுக்கு வேகம் இன்னும் கூடுதலாக வேண்டும்.

மறுமொழி: காகிதப்பட்டறை_புதுச்சேரி

ஆசிரியை அவர்கள் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் பள்ளியில் மூன்று வாரம் காத்திருந்தால் பிள்ளைகள் பூவையே மறந்துவிடுவார்கள். கைத்தாளில் உலர்பூ அட்டைகள் செய்வது எங்கள் ஊரில் நெடுநாளாக உள்ள தொழில். மழைக்காலத்தில் நாங்கள் இஸ்திரிப் பெட்டியை நம்புகிறோம். பூவை ஒருநாள் மட்டும் அழுத்தித் தட்டையாக்கிக்கொண்டு, இரண்டு வெள்ளைத்தாள்களுக்கிடையில் வைத்து, நீராவி இல்லாமல், செயற்கைத் துணிக்குரிய மிகக் குறைந்த சூட்டில் பத்துப் பதினைந்து வினாடி அழுத்தி எடுக்க வேண்டும். தேய்க்கக் கூடாது, வைத்து எடுக்க வேண்டும். தாள் முழுதாக ஆறிய பின்னரே அடுத்த முறை. நான்கைந்து முறையில் மெல்லிய பூக்கள் சலசலவென்று ஆகிவிடும். காகிதப்பூவின் நிறமி சூட்டைத் தாங்காது என்பதால் அதற்கு இது தேவையில்லை, தானாகவே உலரட்டும். இந்த வேலையைப் பெரியவர் ஒருவர்தான் செய்ய வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அட்டைக்கு 250 முதல் 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) வரையுள்ள தாள் போதும். அதைவிடத் தடித்தால் புத்தகத்தின் முதுகை விரிக்கும். மெலிந்தால் ஒரு மாதத்தில் முனை மடங்கும். 5 சென்டிமீட்டர் அகலமும் 15 சென்டிமீட்டர் நீளமும் பிள்ளைகளின் புத்தகங்களுக்குப் பொருத்தமானவை. பூவின் பின்புறத்திலுள்ள பச்சைப் புல்லியைக் கூரான கத்தரியால் ஒட்ட நறுக்கிவிட்டால் புடைப்பு இருக்காது.

ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசையில் நீர் இருப்பதால், தாராளமாகத் தடவினால் உலர்ந்த பூ மீண்டும் ஈரமேறிக் கறுக்கும், தாளும் நெளியும். பல்குத்தும் குச்சியின் முனையில் தொட்டு, பூவின் நடுவில் ஒரு புள்ளி, ஒவ்வோர் இதழின் அடியிலும் ஒரு புள்ளி, அவ்வளவே. மைதாப் பசை, கஞ்சிப் பசை இரண்டும் வேண்டவே வேண்டாம். அவை பூச்சிகளுக்கு விருந்து. ஒட்டியபின் ஓரிரவு பாரத்தின் கீழே வையுங்கள்.

லேமினேஷன் செய்யலாம் என்பதே என் கருத்து. பிள்ளைகளின் கையில் வெறும் பூ ஒரு வாரம் தாங்காது. கடைகளிலுள்ள சூடான லேமினேஷன் இயந்திரத்தில் 125 மைக்ரான் உறை நன்றாகவே வருகிறது. அட்டையைச் சுற்றி நான்கைந்து மில்லிமீட்டர் ஓரம் விட்டு வெட்டுங்கள். ஒட்ட வெட்டினால் ஓரம் பிரிந்து காற்றும் ஈரமும் உள்ளே போகும். மூலைகளை வளைத்து வெட்டாவிட்டால் பக்கங்களைக் கீறும். நூல் கட்டத் துளையிடுவதானால், முதலில் அட்டையில் பெரிய துளை, லேமினேஷன் முடிந்தபின் அதன் நடுவில் சிறிய துளை என்று செய்தால் அங்கும் ஓரம் அடைபட்டிருக்கும். இந்தச் சின்ன வேலையை யாரும் செய்வதில்லை. அட்டை முதலில் பிரிவது எப்போதும் துளையில்தான்.

மறுமொழி: தாவரவியல்_ஆசிரியை

சூடான லேமினேஷனில் எனக்கு ஐயம் உண்டு. அந்த இயந்திரங்களின் உருளை 100 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாகிறது. பூவில் எஞ்சியிருக்கும் ஈரம் ஆவியாகி வெளியேற வழியின்றி உறைக்குள் குமிழியாகிவிடும், பூவும் வெந்ததுபோல் பழுப்பாகும். நித்தியகல்யாணியும் சங்குப்பூவும் நன்கு உலர்ந்திருந்தால் தப்பிக்கலாம். பிள்ளைகள் கொண்டுவரும் எல்லாப் பூவும் ஒரே அளவு உலர்ந்திருக்கும் என்று எப்படி எதிர்பார்ப்பது? சூடின்றி ஒட்டும் தெளிவான படலமே பள்ளிக்கு ஏற்றது.

மறுமொழி: நூல்காப்பு

நான் பழைய நூல்களைப் பராமரிக்கும் பணியில் இருப்பவன். இதுவரை எல்லோரும் பூவின் பக்கம் நின்று பேசினீர்கள். நான் புத்தகத்தின் பக்கம் நின்று பேச வேண்டியிருக்கிறது.

உறையிடாத உலர்பூவை நூலகப் புத்தகத்துக்குள் வைக்கக் கூடாது. அரைகுறையாக உலர்ந்த பூவிலிருந்து ஈரமும் டானினும் அமிலமும் தாளில் இறங்கும். பழைய புத்தகங்களில் பூ இருந்த இடத்தில் அதன் வடிவிலேயே பழுப்புக் கறை பதிந்து, எதிர்ப்பக்கத்திலும் அதே கறை தோன்றியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கறை போகாது. அரசிலையையும் மயிலிறகையும் புத்தகத்துக்குள் வைத்து வளர்ந்த தலைமுறைதான் நாமும். ஆனால் அது நம் சொந்தப் பாடப்புத்தகம், இது அடுத்த பிள்ளைக்கும் போக வேண்டிய புத்தகம். பூவை உலர்த்துவதற்கே நூலகப் புத்தகத்தைப் பயன்படுத்தும் பழக்கம் எங்கேனும் இருந்தால் அதையும் இன்றே நிறுத்துங்கள். தொலைபேசி விவரப் புத்தகம், பழைய நாட்குறிப்பு எதுவாயினும் போதும்.

கறையைவிடப் பெரிய ஆபத்து பூச்சி. உலர்பூ சிகரெட் வண்டுக்குப் பிடித்த உணவு. ஹெர்பேரியங்களை உலகெங்கும் அழிப்பது அதுதான். புத்தகப் பேனும் இராமபாணப் பூச்சியும் ஈரமும் பசையும் உள்ள இடத்தைத் தேடி வரும். ஒரு பிள்ளையின் அட்டையில் வந்த வண்டு அலமாரி முழுவதும் பரவுவதற்கு அதிக நாள் தேவையில்லை. ஆகவே உலர்ந்த பூக்களை அட்டையில் ஒட்டுவதற்கு முன், காற்றுப்புகாத பாலித்தீன் பையிலிட்டு, வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் உறைநிலை அறையில் ஒரு வாரம், முடிந்தால் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்தவுடன் பையைத் திறக்கக் கூடாது. பை அறை வெப்பநிலைக்கு வரும்வரை காத்திருக்காவிட்டால், காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த பூவின்மேல் நீர்த்துளியாகப் படிந்து, அத்தனை நாள் உழைப்பும் வீணாகும்.

பழைய கல்லூரிக் கையேடுகளில் மெர்குரிக் குளோரைடு கரைசலில் செடியை நனைக்கச் சொல்லியிருக்கும். அது கடும் நஞ்சு. பள்ளிக்குள் நுழையவே கூடாது. அந்துருண்டையையும் பிள்ளைகள் கையாளும் பெட்டியில் வைக்க வேண்டாம். தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு முதலியவற்றைப் பொடித்துத் துணியில் முடிந்து சுவடிகளுக்கிடையில் வைக்கும் வழக்கம் உண்டு. அட்டைகளைச் சேர்த்துவைக்கும் பெட்டிக்கு அதுபோன்ற ஒரு முடிச்சு வைக்கலாம். பூச்சியை அண்டவிடாமல் தடுக்கும், ஏற்கெனவே உள்ளே இருக்கும் முட்டையைக் கொல்லாது. அதற்குக் குளிரூட்டல்தான்.

பூஞ்சணத்தைப் பொறுத்தவரை, காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டுக்கு மேல் நீடித்தால் அது வளரத் தொடங்கும். உலர்ந்த பூக்களை, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகள் இட்ட மூடிய டப்பாவில் வைத்திருந்து, அட்டை செய்யும் நாளில் மட்டும் எடுங்கள். நீல நிறச் சிலிக்கா ஜெல்லில் கோபால்ட் உப்பு இருப்பதால் அதைத் தவிர்த்து, ஆரஞ்சு நிறத்தை வாங்குங்கள். நிறம் மாறியதும் சூடேற்றி மீண்டும் பயன்படுத்தலாம்.

லேமினேஷன் பற்றிய வாதத்தில் இருவருமே ஒரு பாதி சரி. நூலகத்தில் புழங்கும் அட்டை நான்கு புறமும் அடைபட்டிருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சமரசம் இல்லை. சூடா, சூடில்லாததா என்பது பூ உலர்ந்த அளவைப் பொறுத்தது. சூடில்லாத படலம் சில ஆண்டுகளில் ஓரத்தில் பிசுபிசுக்கும். அந்த அட்டை பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே எதைச் செய்தாலும் கல்வியாண்டின் இறுதியில் எல்லா அட்டைகளையும் ஒருமுறை பார்த்து, ஓரம் பிரிந்ததையும் பிசுக்கானதையும் பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துச் செல்லச் சொல்லிவிடுங்கள்.

கேள்வியாளர்: பள்ளிநூலகம்_நாகர்கோவில்

மூவருக்கும் மிக்க நன்றி. உறைநிலை அறையில் வைக்கும் யோசனை எங்களுக்குப் புதிது. பள்ளி உணவுக்கூடத்தில் பெட்டி இருக்கிறது, கேட்டுப் பார்க்கிறேன். இரண்டு ஐயங்கள் எஞ்சியிருக்கின்றன. மலைப்பகுதிக்குச் சுற்றுலா செல்லும் பிள்ளைகள் அங்குள்ள காட்டுப்பூக்களைப் பறித்து வரலாமா என்று கேட்கிறார்கள். ஒருத்தி குறிஞ்சிப்பூ வேண்டும் என்கிறாள். மற்றொருவன் மாநில மலர் என்பதால் செங்காந்தளில்தான் செய்வேன் என்று நிற்கிறான். இவற்றை அனுமதிக்கலாமா?

மறுமொழி: தாவரவியல்_ஆசிரியை

காட்டுப்பூ வேண்டாம். கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயம் உட்பட எந்தச் சரணாலயத்திலும் தேசியப் பூங்காவிலும் செடிகொடிகளைப் பறிப்பதை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. நீலக்குறிஞ்சியோ 2022ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பின் அச்சட்டத்தின் பாதுகாக்கப்பட்ட தாவரங்களின் பட்டியலிலேயே சேர்ந்துவிட்டது. 12 ஆண்டுக்கு ஒருமுறை மலர்ந்து, விதை உதிர்த்ததும் மடியும் செடி அது. 2018ஆம் ஆண்டு பெருமளவில் மலர்ந்தது. பூவைப் பறித்தால் அந்தச் செடியின் விதையும் போயிற்று. குறிஞ்சி கேட்ட மாணவி அதை வரைந்து அட்டையில் ஒட்டிக்கொள்ளட்டும்.

செங்காந்தளை நான் அனுமதிக்க மாட்டேன். அதன் எல்லா உறுப்புகளிலும் கோல்ச்சிசின் என்னும் நஞ்சு உண்டு, கிழங்கிலும் விதையிலும் மிகுதி. உலர்த்தினால் நஞ்சு போய்விடுவதில்லை. அரளிக்கும் ஊமத்தைக்கும் இதே விதி. தோவாளையில் அரளி எளிதில் கிடைக்கும் என்பதால் இதைக் குறிப்பாகச் சொல்கிறேன். பக்கம் புரட்டும்போது விரலை நாவில் தொட்டுக்கொள்ளும் பழக்கம் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சாதாரணம். படலம் பிரிந்த அரளி அட்டை ஒன்று நூலகத்தில் சுற்றி வருவதை நீங்கள் விரும்ப மாட்டீர்கள். நித்தியகல்யாணியும் தின்னத்தக்கதன்று. அதையும் அடைபட்ட அட்டையில் மட்டும் பயன்படுத்துங்கள். பூவைத் தொட்டபின் கை கழுவுவதை வகுப்பின் விதியாகவே ஆக்கிவிடுங்கள்.

இன்னொன்று. அட்டையின் பின்புறம் பிள்ளையின் பெயரோடு பூவின் பெயர், பறித்த இடம், தேதி ஆகிய மூன்றையும் பென்சிலால் எழுதச் சொல்லுங்கள்; பேனா மை ஈரத்தில் கசியும். படலம் ஒட்டுவதற்கு முன்னரே எழுதிவிட வேண்டும்.

மறுமொழி: காகிதப்பட்டறை_புதுச்சேரி

செங்காந்தள் கேட்ட மாணவனுக்கு ஒரு மாற்று: மயில்கொன்றையின் இதழ்களும் சிவப்பும் மஞ்சளுமாக, ஓரம் நெளிந்து, ஏறத்தாழ அதே சாயலில் இருக்கும். இதழ்களைத் தனித்தனியே பிரித்து அழுத்தி, உலர்ந்தபின் மேல்நோக்கி வளைத்து அடுக்கினால் தூரத்திலிருந்து காந்தள் என்றே சொல்வார்கள். இதழின் காம்பு மெல்லியது, ஒடிந்துவிடும். இடுக்கியால் எடுக்கச் சொல்லுங்கள். இதுவும் தின்னத்தக்கதன்று என்பதால் இதற்கும் அடைபட்ட அட்டையே.